மரச்செக்கு எண்ணெய்க்கு லோகோ: இது எல்லா இடத்துக்கும் சரிவருமா?

கேள்வி – செக்குமேடு:
மரச்செக்கு எண்ணெய் வியாபாரம் தொடங்குகிறோம். டிசைனர் அனுப்பிய லோகோவில் செக்கு, மாடு, கடலைச் செடி மூன்றும் தங்க நிற ஷேடிங்கில் இருக்கின்றன. போனில் பளபளக்கிறது. லேபிள், துணிப்பை, பில் எல்லாவற்றுக்கும் இதுவே போதுமா? லோகோவால் விற்பனை ஏறுமா?

பதில் – அச்சுமை:
போதாது. துணிப்பைக்கு ஸ்க்ரீன் பிரிண்டிங் என்றால் நிறத்துக்கு ஒரு ஸ்க்ரீன். ஷேடிங் திட்டுத்திட்டாக விழும். தெர்மல் பில்லில் கறுப்பு மட்டும்தான், மாடும் செடியும் ஒட்டிக் கறையாகிவிடும். அந்தத் தங்க நிறம் சாதாரண நாலு கலர் அச்சில் கடுகு நிறமாகத்தான் வரும். மினுங்க வேண்டுமென்றால் ஃபாயில் (மினுமினுக்கும் மெல்லிய தாளை ஒட்டும் அச்சு), அதற்குச் செலவு தனி.

15 மி.மீ. அகலத்தில் வெறும் கறுப்பில் பிரிண்ட் எடுத்துக் கை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். என்ன படமென்று தெரியாவிட்டால் திருப்பி அனுப்புங்கள்.

ஜேபிஜி மட்டும் வாங்கிக்கொண்டு பணம் கொடுக்காதீர்கள். வெக்டார் (எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாத) பிடிஎஃப், எஸ்விஜி, ஒற்றை நிற வடிவம், வாட்ஸ்அப் வட்டத்துக்குள் அடங்கும் வடிவம், எல்லாம் வேண்டும். எழுத்துகளை கர்வ்ஸாக, அதாவது ஃபான்ட் தேவைப்படாத கோட்டு வடிவமாக, மாற்றித் தரச் சொல்லுங்கள். இல்லையென்றால் அச்சகத்து கம்ப்யூட்டரில் ஃபான்ட் மாறி, கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கமாக நிற்கும்.

பதில் – சந்தைத்தெரு:
முதல் பாட்டிலை லோகோ விற்காது. விலையும் வாசனையும்தான் விற்கும். இரண்டாம் முறை வருகிறவர் உங்கள் பாட்டிலைத் தேடி எடுக்கத்தான் லோகோ. 'கிளி மார்க்', 'குதிரை மார்க்' என்று கேட்டு வாங்கிப் பழகிய ஊர் நம்முடையது. உங்கள் படத்தை ஒரே சொல்லில் கேட்க முடியுமா? மூன்று படம் இருந்தால் எதைச் சொல்லிக் கேட்பார்கள்? அதிலும் செக்கும் மாடும் பக்கத்துக் கடை லேபிளிலும் இருக்கும். வேறெதையாவது பிடியுங்கள். பிடித்தபின் மூடி நிறத்தைக்கூட மாற்றாதீர்கள். 2010-இல் கேப் (Gap) என்ற அமெரிக்க ஆடை நிறுவனம் புது லோகோ போட்டு, எதிர்ப்பு கிளம்பியதும் ஒரு வாரத்துக்குள் பழையதற்கே திரும்பியது.

பதில் – மார்க்மணி:
பெயரையும் பாருங்கள். 'சுத்தமான செக்கு எண்ணெய்' போலப் பொருளை விவரிக்கும் பெயருக்கு டிரேட்மார்க் கிடைப்பது கஷ்டம். டிரேட்மார்க் பதிவில் சமையல் எண்ணெய் 29-ஆம் வகுப்பு, விண்ணப்பப் படிவம் டிஎம்-ஏ. தனிநபர், சிறு நிறுவனம் ஆன்லைனில் போட்டால் ரூ.4,500. கறுப்பு வெள்ளையில் பதிந்தால் எல்லா நிறத்துக்கும் பாதுகாப்பு உண்டு. பதிவாகும்வரை பெயருக்குப் பக்கத்தில் டிஎம் (™) மட்டும் போடுங்கள். பதிவானதைக் குறிக்கும் வட்டத்துக்குள் ஆர் (®) போட்டால் சட்டப்படி அபராதம் வரும்.

டிசைனரிடம் லோகோவின் பதிப்புரிமையை (காப்பிரைட்) எழுத்தில் மாற்றி வாங்குங்கள். அதில் காலம் குறிப்பிடாவிட்டால் சட்டப்படி ஐந்தே ஆண்டுதான்.