ஆட்டோ ஹெட்லைட் சென்சாரில் கை வைக்கலாமா?

புதுச்சாவி:
காரில் ஆட்டோ ஹெட்லைட் இருக்கிறது என்றுதான் பெயர். எதிரே வருகிறவர்கள் எல்லாம் லைட் போட்ட பிறகும் என் வண்டி மட்டும் இருட்டாகவே போகிறது, நன்றாக மங்கிய பிறகுதான் அதற்கு நினைவே வருகிறது. டேஷ்போர்டின் மேல் முன்கண்ணாடியை ஒட்டி இருக்கும் சின்னக் கறுப்புக் குமிழ்தான் சென்சாராம். அதன் இரண்டு வயருக்கும் குறுக்கே ஒரு ரெசிஸ்டர் வைத்தால் சீக்கிரம் எரியும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

வயர்மேன்:
செய்யலாம், ஆனால் வீடியோக்காரர் தலைகீழாகச் சொல்லியிருக்கிறார். எல்.டி.ஆர்., அதாவது வெளிச்சத்துக்கேற்பத் தடை மாறுகிற ரெசிஸ்டர் வகை சென்சார் என்றால் இருட்டில் அதன் மின்தடை ஏறும், வெளிச்சத்தில் இறங்கும். குறுக்கே ரெசிஸ்டர் வைத்தால் மொத்தத் தடை குறைகிறது, உள்ளே இருக்கும் யூனிட் இன்னும் பகல்தான் என்று எடுத்துக்கொள்ளும், லைட் இன்னும் தாமதமாக எரியும். சீக்கிரம் எரிய வேண்டுமானால் வயரின் வழியிலேயே தொடராக வைக்க வேண்டும். இப்போது வருகிற பல கார்களில் எல்.டி.ஆர். கிடையாது, வெளிச்சத்தை மின்னோட்டமாக மாற்றும் போட்டோ டயோடுதான், அங்கே இந்தக் கணக்கு அப்படியே செல்லாது. வயரை விடுங்கள் ப்ரோ. சென்சார் மேல் பாதி வெளிச்சத்தை மட்டும் விடுகிற கறுப்பு ஃபிலிம் ஒரு துண்டு ஒட்டுங்கள், 1000 லக்ஸில் (லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு) எரிவது 2000 லக்ஸிலேயே எரிந்துவிடும். பிடிக்கவில்லையா, உரித்துப் போடுங்கள்.

கடைசிகியர்:
ஒட்டச் சொல்வது சுலபம் வயர்மேன் சார். சீக்கிரம் எரிந்தால் மட்டும் போதுமா, அணைவதும்தானே தள்ளிப்போகும்? ஐ.நா.வின் வாகன விளக்குகளுக்கான 48ஆம் விதி இதற்கு அளவே வைத்திருக்கிறது. வெளியே 1000 லக்ஸுக்குக் கீழே போனால் 2 விநாடிக்குள் டிம் லைட் (ஹெட்லைட்டின் தாழ்ந்த ஒளி) எரிய வேண்டும். 7000 லக்ஸைத் தாண்டினால் 5 விநாடி கழித்து, அதிகபட்சம் 300 விநாடிக்குள் அணைய வேண்டும். நடுவில் உள்ளது கம்பெனி இஷ்டம். நீங்கள் பாதியை மறைத்தால் அந்த 7000 லக்ஸ் 14000 ஆகிவிடும், மேகம் மூடிய பகலில் லைட் எரிந்துகொண்டே இருக்கலாம். பல கார்களில் ஹெட்லைட் எரிந்ததுமே மீட்டரும் ஸ்கிரீனும் இரவு வெளிச்சத்துக்கு இறங்கிவிடும், பட்டப்பகலில் மேப் பார்க்கக் கண்ணை இடுக்க வேண்டியதுதான்.

வயர்மேன்:
ஸ்கிரீன் மங்கினால் பிரைட்னஸைக் கூட்டிக்கொள்ளலாமே. அதற்காக எதிரே வருகிறவன் கண்ணுக்குத் தெரியாமல் ஓட்டுவதா? பகலில் லைட் எரிவது ஒன்றும் குற்றமில்லை, ஐரோப்பாவில் 2011 பிப்ரவரியிலிருந்து புதிய கார் மாடல்களுக்குப் பகல் விளக்கே கட்டாயம்.

கடைசிகியர்:
பகல் விளக்கு வேறு, டிம் லைட் வேறு; முன்னது பகலில் வண்டி கண்ணில் படுவதற்கு, பின்னது ரோட்டைக் காட்டுவதற்கு. அப்புறம் ஒரு முக்கியமான விஷயம், புதுச்சாவி இதைக் கவனியுங்கள். சில கார்களில் சென்சார் டேஷ்போர்டில் இருக்காது, நடுக் கண்ணாடிக்குப் பின்னால் மழை சென்சாரோடு ஒரே பெட்டிக்குள் இருக்கும். மழை சென்சார் அகச்சிவப்பு ஒளியைக் கண்ணாடிக்குள் அனுப்பி, திரும்பி வருவதை வைத்துத்தான் ஈரத்தைக் கண்டுபிடிக்கிறது. கண்ணாடியில் அந்த இடத்தில் எதையாவது ஒட்டினால் வைப்பர் காய்ந்த கண்ணாடியைத் தேய்க்கும், அல்லது கொட்டுகிற மழையில் சும்மா நிற்கும். எதிலும் கை வைப்பதற்கு முன் செட்டிங்ஸ் மெனுவைப் பாருங்கள், நிறைய வண்டிகளில் ஹெட்லைட் உணர்திறன் என்று ஒரு வரி ஒளிந்திருக்கும். மெனுவில் இல்லாவிட்டாலும் காரின் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஸ்கேனர் போட்டு மாற்றக்கூடிய கார்கள் உண்டு.

மூடுபனி:
இரண்டு பேரும் லக்ஸ் கணக்கிலேயே நிற்கிறீர்கள். சென்சார் அளப்பது வெளிச்சத்தை. ரோடு தெரிகிறதா இல்லையா என்பது அதற்குத் தெரியாது. காலைப் பனியில் நாலாப் பக்கமும் வெள்ளை வெளேரென்று இருக்கும், முன்னால் போகிற லாரி தெரியாது, சென்சாரோ நல்ல வெளிச்சம் என்று நிம்மதியாக இருக்கும். இதில் பெரிய ஆபத்து பின்பக்கம்தான். பல கார்களில் பகல் விளக்கு எரியும்போது டெயில் லைட் எரியாது. முன்னால் வெளிச்சம் விழுகிறது, மீட்டரும் பளிச்சென்று இருக்கிறது, டிரைவர் லைட் போட்டாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வார், பின்னால் வருகிறவனுக்கு அங்கே ஒரு வண்டி இருப்பதே தெரியாது. எந்த ஃபிலிம் ஒட்டினாலும் இது தீராது. ஸ்டியரிங் பக்கத்துச் சுவிட்சை ஒரு திருப்பு திருப்பினால் தீரும், அவ்வளவுதான்.

வயர்மேன்:
கையால்தான் போட வேண்டும் என்றால் ஆட்டோ எதற்கு? மறப்பவர்களுக்காகத்தானே அதை வைத்ததே. 1964இலேயே காடிலாக்கில் இந்த வசதி வந்துவிட்டது, இத்தனை வருடம் கழித்தும் சுவிட்சைத் திருப்பு என்பது பதிலா? என்னிடம் இருப்பது ஆட்டோவே இல்லாத பழைய வண்டி. சென்சார், வெளிச்சத்தை ஓர் அளவோடு ஒப்பிடும் கம்பேரேட்டர், மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சான ஒரு ரிலே, தனி ஃபியூஸ் போட்டு நானே கட்டினேன், நன்றாகத்தான் ஓடுகிறது.

கடைசிகியர்:
இரவில் வளைவில் திரும்பும்போது உங்கள் சர்க்யூட்டில் ஒரு டிரான்சிஸ்டர் போனால்? கம்பெனி வண்டிகள் பலவற்றில் சென்சார் வயர் அறுந்தாலும் லைட் எரிகிற பக்கம்தான் போகும். உங்களுடையது எந்தப் பக்கம் போகும்?

வயர்மேன்:
எரிகிற பக்கம்தான். ஐந்து கால் ரிலே; 30 கரன்ட் வரும் கால், காயில் இழுத்தால் அது 87ஓடு சேரும், இழுக்காவிட்டால் 87ஏ-யோடு சேரும். லைட்டை 87இல் கொடுக்கவில்லை, 87ஏ-யில் கொடுத்திருக்கிறேன். காயிலுக்குக் கரன்ட் இல்லாவிட்டால் 30உம் 87ஏ-யும் சேர்ந்தே இருக்கும், அதாவது சர்க்யூட் செத்தால் லைட் எரியும். பகலில் சர்க்யூட் காயிலை இழுத்துப் பிடித்து அணைக்கிறது. காயில் சுமார் 150 மில்லிஆம்பியர் தின்னும், ஆனால் சர்க்யூட்டும் 30ஆம் காலும் இக்னிஷன் லைனில் இருப்பதால் நிறுத்திய வண்டியில் பேட்டரி இறங்காது.

கடைசிகியர்:
அது சரியான வேலை, ஒப்புக்கொள்கிறேன். டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகி மூடிக்கொண்டால் மட்டும் காயில் இழுத்தபடியே நின்று லைட் அணைந்துவிடும், அதற்குப் பழைய சுவிட்ச் நேராக லைட்டைப் போடும்படி விட்டிருக்கிறீர்களா? அப்புறம், எரிகிற அளவும் அணைகிற அளவும் ஒன்றாக இருந்தால் மர நிழலில் லைட் மினுக்கு மினுக்கென்று அடிக்கும், எதிரே வருகிறவன் நீங்கள் சிக்னல் கொடுப்பதாக நினைப்பான்.

வயர்மேன்:
பழைய சுவிட்ச் அப்படியே இருக்கிறது, ஆட்டோவை மீறிப் போடலாம். மினுக்காமல் இருக்க இரண்டு அளவுக்கும் நடுவில் இடைவெளி விட்டு, அணைவதற்கு டிலேயும் வைத்தாகிவிட்டது. ஆனால் இது பழைய வண்டிக்குச் சரி, புதுச்சாவியின் வண்டியில் லைட் லைனை வெட்டினால் கன்ட்ரோல் யூனிட் பல்பு போய்விட்டது என்று மீட்டரில் எச்சரிக்கை காட்டலாம்.

புதுச்சாவி:
மெனுவில் தேடினேன், உணர்திறன் என்ற வரி இல்லை. என் வண்டியில் சென்சார் தனியாகத்தான் இருக்கிறது, மழை சென்சார் கிடையாது. ஃபிலிமை ஒட்டிப் பார்க்கிறேன்.

கடைசிகியர்:
பிடிவாதம்தான். கடும் கறுப்பு வேண்டாம், லேசானதில் ஆரம்பியுங்கள்.

மூடுபனி:
பனிக்கு அது உதவாது என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள். சாயங்காலம் வண்டியை ஒரு சுவரை ஒட்டிப் பின்பக்கமாக நிறுத்தி, சுவிட்ச் ஆட்டோவில் இருக்கும்போது பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் சுவரைப் பாருங்கள். லைட் தானாக எரிவதற்கு முன் சுவரில் சிவப்பு விழுகிறதா என்று பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.