கேரிட் இன்ட்ரஸ்ட்: ‘வட்டி’ வேண்டாம், ‘ஆதாயவாரம்’ சரியா?

வணக்கம் நண்பர்களே,

முதலீட்டு நிதி உலகின் ‘கேரிட் இன்ட்ரஸ்ட்’ (carried interest) என்ற சொல்லுக்குத் தமிழில் என்ன எழுதலாம் என்று நம் குழுவில் பேசிக்கொண்டிருக்கிறோம். அக்கா ஒருவர் கேட்டிருந்தார்:

> ‘கடத்தப்பட்ட வட்டி’ என்றே எழுதிவிடலாமே, அர்த்தம் புரிந்தால் போதாதா?

போதாது அக்கா. என் பெரிய மாமாவுக்கு அது தப்பாகத்தான் புரிந்தது. புறவழிச்சாலையை ஒட்டியிருந்த நிலத்தை விற்ற பணம் அவர் கையில் இருந்தது. வசதியுள்ளவர்களிடம் பணம் திரட்டி முதலீடு செய்யும் மாற்று முதலீட்டு நிதியத்தில் ஒருவர் பொதுவாகக் குறைந்தது 1 கோடி ரூபாய் போட வேண்டும் என்பது பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் விதி. மாமாவிடம் அது இருக்கிறது என்று தெரிந்து ஒரு முகவர் வந்தார், தமிழில் அச்சிட்ட நாலு பக்கக் குறிப்போடு. அதில் ‘கடத்தப்பட்ட வட்டி: 20%’ என்று ஒரு வரி. மாமா அதன் கீழே சிவப்புப் பேனாவில் இரண்டு கோடு இழுத்து, ஓரத்தில் ‘வருஷத்துக்கா, மொத்தத்துக்கா?’ என்று எழுதி வைத்திருந்தார். தனக்கு வரப்போகும் வட்டி என்று நினைத்திருக்கிறார். உண்மையில் அது அவர் ஆதாயத்திலிருந்து போகப்போகும் பணம்.

இங்கே ‘இன்ட்ரஸ்ட்’ வட்டியே இல்லை, உரிமைப் பங்கு. நிதியத்தை நடத்துகிறவர், போட்ட பணம் பெரும்பாலும் மற்றவர்களுடையதாக இருந்தாலும், தன் உழைப்புக்காக ஆதாயத்தில் எடுத்துக்கொள்ளும் பங்கு. மேலாண்மைக் கட்டணம் தனி. ஆண்டுக்கு 2 சதவீதம் என்றால் 1 கோடிக்கு 2 லட்சம், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 36,000. நட்டம் வந்தாலும் அது உண்டு. கேரிட் இன்ட்ரஸ்ட் ஆதாயம் வந்தால்தான். இந்த வித்தியாசம் சொல்லிலேயே தெரிய வேண்டும்.

1949-இல் நியூயார்க்கில் ஹெட்ஜ் ஃபண்டு என்ற வகை முதலீட்டு நிதியம் தொடங்கிய ஆல்ஃப்ரெட் வின்ஸ்லோ ஜோன்ஸ், ஆதாயத்தில் 20 சதவீதம் எடுக்கும் வழக்கத்துக்குப் பழைய ஃபினீசியக் கப்பல் தலைவர்களைக் காட்டினாராம். சரக்கைப் பத்திரமாகக் கொண்டுபோய் விற்று வந்தால் லாபத்தில் ஐந்தில் ஒன்று அவர்களுக்கு. அவர்களுக்குக் கப்பல் என்றால் நமக்கு வயல். நிலம் ஒருவருடையது, உழைப்பு இன்னொருவருடையது, விளைச்சலில் ஆளுக்கொரு பங்கு: இதைத்தான் ‘வாரம்’ என்கிறோம். மேல்வாரம் நிலத்துக்கு உரியவருக்கு, குடிவாரம் உழுகிறவருக்கு. ஜமீன் காலத்து நில வழக்குகள் முழுக்க இந்த இரண்டு சொற்கள்தான். இன்றும் ‘வாரத்துக்கு விட்டிருக்கேன்’ என்று ஊரில் சொல்கிறார்கள். பணம் போட்டவர் நிலக்காரர், நிதி மேலாளர் வாரக்காரர். ஆனால் குடிவாரம் மொத்த விளைச்சலில் பங்கு. இதுவோ ஆதாயத்தில் மட்டும். அதனால் ‘ஆதாயவாரம்’ என்கிறேன்.

‘வாரம் என்றால் ஏழு நாள் என்று படிக்க மாட்டார்களா?’ என்று ஆசிரியர் ஐயா கேட்டது நியாயம். தனியாக எழுதினால் குழப்பம்தான். சேர்த்து எழுதினால் வராது. குடிவாரத்தை யாரும் நாள்காட்டியில் தேடுவதில்லை. ‘ஊக்கப் பங்கு’ என்று தம்பி சொன்னது கேட்க நன்றாக இருந்தாலும் எனக்கு ஒப்பவில்லை. ஊக்கத்தொகை போல, மேலாளருக்கு நாம் மனமுவந்து கொடுப்பது போலத் தொனிக்கிறது.

வயலுக்குள் இறங்கியதும் மற்றச் சொற்களும் அங்கேயே அகப்பட்டன. ஆதாயத்தை யாருக்கு முதலில், யாருக்கு அப்புறம் என்று பிரிக்கும் வரிசையை ஆங்கிலத்தில் வாட்டர்ஃபால் என்கிறார்கள். ‘அருவி’ என்றால் எல்லாம் ஒரே நேரத்தில் கொட்டுகிறது. நமக்கு ‘மடைமுறை’ இருக்கிறது: தலைமடை நிறைந்த பிறகுதான் அடுத்த வயலுக்குத் தண்ணீர். முதலீட்டாளருக்கு முதலில் சேர வேண்டிய குறைந்தபட்ச ஆதாய வீதமான ஹர்டில் ரேட்டுக்குத் ‘தலைமடை வீதம்’ என்று வைக்கலாம். ‘வரம்பு வீதம்’ என்றுதான் முதலில் எழுதினேன். அதற்குமேல் கிடைக்காது என்று படித்துவிடுவார்கள் என்று விட்டுவிட்டேன்.

தலைமடை நிறைந்த பிறகு மேலாளர் தன் பங்கை ஈடுகட்டிக்கொள்ளும் கேட்ச்-அப்புக்கு ‘நிரவல்’. இந்தச் சொல்லுக்குப் பெரிய பண மதிப்பு உண்டு, கணக்குப் போட்டே பார்ப்போம். 1 கோடி போட்டு, ஐந்து ஆண்டு கழித்து 2 கோடி வந்தது என்று வைத்துக்கொள்வோம். கட்டணத்தை இப்போதைக்கு விட்டுவிடலாம். தலைமடை வீதம் கூட்டுவட்டிக் கணக்கில் 10 சதவீதம், ஆதாயவாரம் 20 சதவீதம். முதல் 61.05 லட்சம் முதலீட்டாளருக்கு. மிச்சம் 38.95 லட்சம். நிரவல் இல்லை என்றால் மேலாளருக்கு அந்த மிச்சத்தில் மட்டும் 20 சதவீதம், அதாவது 7.79 லட்சம். முழு நிரவல் உண்டு என்றால், மொத்த ஆதாயத்தில் ஐந்தில் ஒன்று தன் பக்கம் வந்து மட்டமாகும்வரை அடுத்து வருவதெல்லாம் அவருக்கே. முடிவில் 20 லட்சம். ஒரே ஒரு சொல்லில் 12.21 லட்சம் கை மாறுகிறது! மேட்டையும் பள்ளத்தையும் மட்டமாக்குவதை நிரவுதல் என்று வயலில் இறங்கிய எவருக்கும் சொல்லித்தர வேண்டாம். மாமாவிடம் இப்படிச் சொன்னதும் உடனே கேட்டார்: ‘அப்போ பள்ளத்துல அவனா நிக்கிறான்?’

இடர் மிகுந்த முதலீடுகளுக்குத் தகுதியானவராகக் கருதப்படும் வசதியுள்ள ‘அக்ரடிட்டட் இன்வெஸ்டர்’ பற்றியும் கேட்டிருந்தீர்கள். ‘அங்கீகரிக்கப்பட்ட முதலீட்டாளர்’ என்பதில் யாரோ நல்லவர் என்று முத்திரை குத்திய தொனி வருகிறது. இந்தியாவில் செபி 2021-இல் கொண்டுவந்த முறைப்படி, தனிநபர் என்றால் ஆண்டு வருமானம் 2 கோடி, அல்லது நிகரச் சொத்து 7.5 கோடி, அதில் பாதியாவது நிதிச் சொத்து. இப்படிச் சில அளவுகளைப் பார்த்துச் சான்றிதழ் தருகிறார்கள். எனவே ‘சான்றுபெற்ற முதலீட்டாளர்’ பொருந்தும். அமெரிக்காவில் அப்படிச் சான்றிதழ் முறை கிடையாது. ஆண்டு வருமானம் 2 லட்சம் டாலர், அல்லது குடியிருக்கும் வீடு நீங்கலாக 10 லட்சம் டாலர் நிகரச் சொத்து என்ற அளவைத் தாண்டினால் சரி. அதற்கும் இதே சொல்லைப் போட்டால் பொய்யாகிவிடும். ‘வசதிவரம்பு முதலீட்டாளர்’ என்று பிரித்து எழுதலாம். இதில் எனக்குப் பிடிவாதம் இல்லை, மேலான சொல் வந்தால் மாற்றிக்கொள்வோம்.

மாட்டிக்கொண்டிருப்பது கிளாபேக்கில். முதலில் லாபம் வந்து மேலாளர் ஆதாயவாரத்தை எடுத்துக்கொண்ட பிறகு, பின்னால் நட்டம் வந்தால் கூடுதலாக எடுத்ததைத் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனை அது. ‘மீட்புக்கூறு’ என்று எழுதலாம், ஆனால் வங்கிக்கடன் மீட்பு நினைவுக்கு வருகிறது. எங்கள் ஊர் ஏரிப்பாசனம். ஆற்றுப்பாசனத்துக்காரர்கள் யாராவது சொல்லுங்கள்: முறை தப்பி ஒருவர் வயலுக்குக் கூடுதலாகப் போன தண்ணீரை அடுத்த முறையில் கழித்துக்கொள்வதற்கு உங்கள் பக்கம் என்ன பேர்?