பரண்ல கிடக்கிற நாலு டிராக் மெஷின்

செல்வி: ஞாயித்துக்கிழமை வளைகாப்புக்கு முன்னாடி பரணைக் காலி பண்றேன். அண்ணன் சிங்கப்பூர்லேருந்து கொண்டுவந்த டேப் மெஷின் கிடக்கு. டாஸ்காம்னு போட்டிருக்கு. பழைய இரும்புக்காரர் வாசல்ல நிக்கறார், குடுத்துடவா?

முரளி: குடுக்காதேக்கா!! நாலு சத்தத்தைத் தனித்தனி டிராக்கா ஒரே கேசட்ல பதியற மெஷின் அது. மாடல் நம்பர் பாரு. 144ஆ, 244ஆ?

செல்வி: 244

கோபால்: அதை அண்ணன் இருக்கும்போதே நான் கேட்டு வெச்சிருந்தேன்

செல்வி: ஆர்மோனியத்துக்கும் இதையேதான் சொன்னே

திவ்யா: மாமா, அம்மா, இங்க வேண்டாம். ப்ளீஸ்

கார்த்தி: அத்தை எங்க பேண்டுக்கு வேணும். டெமோ பண்ணணும்

முரளி: யாரும் ப்ளக்கை மாட்டாதீங்க. முதல்ல பின்பக்கத் தகட்டுல வோல்ட் எவ்வளவுன்னு பாருங்க. 100ன்னோ 120ன்னோ இருந்தா, நம்ம 230ல நேரா சொருகின உடனே டிரான்ஸ்ஃபார்மர் போயிடும். அதுக்கு வோல்ட்டைக் குறைக்கற ஸ்டெப்-டவுன் வாங்கணும்.
அடுத்தது டேப்பை ஓட்டற பெல்ட். இத்தனை வருஷத்துல ரப்பர் உருகி, புல்லியில தார் மாதிரி ஒட்டியிருக்கும். அப்படியே ஓட்டினா ஸ்பீடு அலையும், டேப்பை மென்னு துப்பிடும். பழசை ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைச்சு எடுத்துட்டுப் புதுசு போடணும். டேப்பைப் படிக்கற ஹெட்டையும் ஆல்கஹால்ல துடைக்கலாம். டேப்பை அழுத்தி இழுக்கற ரப்பர் உருளை, பிஞ்ச் ரோலருக்கு மட்டும் வேண்டாம், ரப்பர் வறண்டுடும். அதுக்கு சோப்புத் தண்ணி போதும்.

செல்வி: 150 ரூபா தரேங்கறார்

முரளி: அவரை அனுப்பிடுக்கா

கார்த்தி: எந்த கேசட் சித்தப்பா?

முரளி: டைப் 2, குரோம். C60 இல்லேன்னா C90. C120 வேண்டாம், நாடா மெலிசு, சுத்திக்கும். இது சாதாரண டெக்கைவிட ரெண்டு மடங்கு வேகம், நொடிக்கு 3¾ இன்ச். நாலு டிராக்கும் ஒரே திசையில ஓடி டேப்போட முழு அகலத்தையும் எடுத்துக்கும். திருப்பிப் போட்டுப் பதிய முடியாது. அதனால C60ல 15 நிமிஷம்தான். வீட்டு டெக்குல போட்டா ரெண்டு டிராக் பாதி வேகத்துல கேக்கும், திருப்பிப் போட்டா மத்த ரெண்டும் பின்னாலேருந்து முன்னால ஓடும். டேப் கெட்டுப்போச்சுன்னு தூக்கிப் போட்டுடாதே.

திவ்யா: கண்ணாடி வளையல் யார் வாங்கறீங்க? எனக்கு 2.6

கோபால்: நான் வாங்கிடறேன். மெஷினும் என் கார்லயே வரட்டும்

கார்த்தி: நாங்க அஞ்சு பேர். நாலு டிராக் எப்படிப் போதும்?

முரளி: பவுன்ஸ் பண்ணணும். 1, 2, 3ல டிரம்ஸ், பேஸ், ரிதம் கிட்டார். மூணையும் மிக்ஸ் பண்ணி 4க்கு ஏத்திட்டா அந்த மூணும் காலி. திரும்ப 1, 2ல பதிஞ்சு 3க்கு ஏத்து. கடைசியா 1, 2ல பாட்டு. மொத்தம் 7 பார்ட்.
ஏத்தினதைப் பிரிக்க முடியாது. பேஸ் கம்மியாப் போச்சுன்னா கம்மிதான். ஒவ்வொரு தடவையும் ட்ரெபிள் மங்கும், அதனால முதல்லயே டிரம்ஸோட சிம்பல் சத்தத்தைக் கொஞ்சம் தூக்கி வை. டிபிஎக்ஸ்ங்கறது டேப் இரைச்சலைக் குறைக்கறது. அது ஆன்ல பதிஞ்சதை ஆன்லயேதான் கேக்கணும்.

செல்வி: லேப்டாப்ல பண்ணா இத்தனை பாடு இல்லையே?

முரளி: பண்ணலாம்க்கா. ஆனா இவன் வாசிக்கறது இண்டி ராக், பெரிய கம்பெனி இல்லாம சின்ன லேபிள்ல வளர்ந்த ராக். அந்தச் சத்தமே கையில இருந்த காசுக்கும் மெஷினுக்கும் தக்கபடி உண்டானது.
1976 டிசம்பர்ல மான்செஸ்டர்ல பஸ்காக்ஸ்ங்கற பேண்டு சுமார் 500 பவுண்டு கடன் வாங்கி ஒரே நாள்ல நாலு பாட்டுப் பதிஞ்சாங்க, 'ஸ்பைரல் ஸ்க்ராட்ச்'. அடுத்த மாசமே சொந்த லேபிள்ல, அதாவது சொந்த ரெக்கார்டு கம்பெனி பேர்ல வெளியிட்டாங்க, முதல்ல 1000 பிரதி. எந்தப் பாட்டு எத்தனையாவது டேக், மேல சேத்துப் பதிஞ்ச ஓவர்டப் எத்தனைன்னு அட்டையிலயே அச்சடிச்சிருந்தாங்க. வாங்கினவனுக்கு அது பாடம் மாதிரி.
1982ல நியூசிலாந்து ஃப்ளையிங் நன் லேபிள் 'டனீடின் டபுள்' போட்டுது. ரெண்டு ரெக்கார்டு, நாலு பேண்டு, ஆளுக்கு ஒரு பக்கம். கிறிஸ் நாக்ஸோட டியாக் நாலு டிராக்லதான் பதிஞ்சது.
அமெரிக்காவுல, ஒஹாயோ டேட்டன்ல, ஸ்கூல் வாத்தியாரா இருந்த ராபர்ட் பொலார்டு. அவரோட கைடட் பை வாய்ஸஸ் 1994ல போட்ட 'பீ தவுசண்ட்' வீட்டு நாலு டிராக்ல பதிஞ்சது. டேப்போட 'ஸ்ஸ்' இரைச்சல் கேக்கும், பாட்டு சட்டுனு நின்னுடும். எனக்கு அந்தக் காலத்து ஸ்டுடியோ ரெக்கார்டு பலதையும்விட அது உசத்தி.

கோபால்: நிர்வாணா பேண்டு?

முரளி: முதல் ஆல்பம் 'ப்ளீச்', 1989, சப் பாப் லேபிள். பதிவுச் செலவு 606.17 டாலர், கவர்ல 600 டாலர்னு போட்டிருக்கும். 1991ல 'நெவர்மைண்ட்' பெரிய லேபிளுக்குப் போயிடுச்சு. அதுக்கப்புறம் பெரிய கம்பெனிக்காரங்க எல்லாரும் இந்த மாதிரி பேண்டைத் தேடிக் கிளம்பினாங்க.

கார்த்தி: அப்ப பெரிய லேபிளுக்குப் போனா இண்டி இல்லையா?

முரளி: 1980ல பிரிட்டன்ல இண்டி சார்ட் ஆரம்பிச்சப்ப ஒரே கணக்குதான்: பெரிய கம்பெனிங்க கை படாம ரெக்கார்டு கடைக்கு வந்துச்சா? கிட்டார் சத்தத்தைப் பத்தி விதியே கிடையாது. அதனாலதான் 1988ல கைலி மினோக் பாட்டு அதுல முதலிடம் பிடிச்சுது. சத்தத்துக்கு இண்டிங்கற பேர் ஒட்டினது 1986ல என்எம்இங்கற பிரிட்டன் இசைப் பத்திரிகை பல பேண்டோட பாட்டைச் சேத்துப் போட்ட சி86 கேசட்டுக்கு அப்புறம்தான் பலமாச்சு.

திவ்யா: வளையல்ல பச்சையும் சிவப்பும் கலந்து வாங்குங்க. போன தடவை எல்லாம் ஒரே நீலம்

கோபால்: சரிம்மா. சனிக்கிழமை வரேன்

கார்த்தி: நான் வெள்ளிக்கிழமை நைட் பஸ்ல வரேன் அத்தை

செல்வி: தகட்டுல எழுத்து பாதி அழிஞ்சிருக்கு முரளி. 2ன்னு ஆரம்பிக்குது

முரளி: போட்டோ அனுப்புக்கா. ஃப்ளாஷ் போடாதே, தகடு மின்னும்

கோபால்: செல்வி, ஆர்மோனியம் பத்தி தனியாப் பேசறேன்