முதல் பிரசவம்: நர்ஸ் வீடு தேடி வருவது உதவியா, கணக்கெடுப்பா?

மேலூர்க்காரி:
மக்களைத் தேடி மருத்துவம் ஆரம்பித்த 2021-லிருந்து சர்க்கரை, பிரஷர் மாத்திரை வாசலுக்கே வருகிறது. நல்ல விஷயம். தலைப்பிள்ளை பெற்று, தையல் வலியோடு வீட்டுக்கு வருகிறவளை மட்டும் "ஏதாவதென்றால் ஆஸ்பத்திரிக்கு வா" என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். கிராமத்திலாவது வி.எச்.என். (கிராம சுகாதார நர்ஸ்) எட்டிப் பார்ப்பார். டவுனில் பலருக்குத் தங்கள் பகுதி நர்ஸ் யார் என்றே தெரியாது.

முதல் பிரசவத்துக்கென்றே, கர்ப்பத்தில் தொடங்கி பிள்ளைக்கு இரண்டு வயது ஆகும்வரை ஒரே நர்ஸ் வீட்டுக்கு வந்து பார்க்கும் திட்டம் இங்கேயும் வேண்டும். அமெரிக்காவில் டேவிட் ஓல்ட்ஸ் என்பவர் 1977-ல் நியூயார்க் மாநிலத்து எல்மைராவில் 400 பெண்களை வைத்து இதைத் தொடங்கினார். 15 வருடம் கழித்துப் பார்த்தபோது, நர்ஸ் வந்துபோன குடும்பங்களில் பிள்ளையை அடித்தார்கள், கவனிக்காமல் விட்டார்கள் என்று பதிவான புகார்கள் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்திருந்தன.

தராசுமுள்:
மேடம், மீதிக் கதையையும் சொல்ல வேண்டாமா? அதே திட்டத்தை இங்கிலாந்து 2007-ல் எடுத்துக்கொண்டது. 19 வயதும் அதற்குக் கீழும் உள்ள முதல்முறைத் தாய்களுக்கு, 64 தடவை வரை நர்ஸ் வருகை. 1,645 பேரை வைத்து நடந்த சோதனையின் முடிவு 2015-ல் வெளியானது. கர்ப்ப காலத்தில் புகைப்பது, குழந்தையின் பிறப்பு எடை, இரண்டு வருடத்துக்குள் அடுத்த கர்ப்பம், பிள்ளையை அவசரமாக ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவது, இந்த நான்கைத்தான் முக்கியமாக அளந்தார்கள். நான்கிலும் பலன் இல்லை.

இங்கே நூற்றுக்கு 99 பிரசவம் ஆஸ்பத்திரியில் நடக்கிறது. பிறகு எந்தக் குறைக்காக இந்தச் செலவு?

மேலூர்க்காரி:
இங்கிலாந்தில் அந்தத் திட்டத்தில் சேராத தாய்மார்களின் வீட்டுக்கும் மிட்வைஃபும் ஹெல்த் விசிட்டரும் வழக்கமாகவே போகிறார்கள். ஏற்கெனவே ஆள் வருகிற வீட்டுக்கு இன்னொரு ஆளை அனுப்பிவிட்டு வித்தியாசம் இல்லை என்றால், ஆளே வராத வீட்டுக்கு அது எப்படிப் பொருந்தும்?

குறை எங்கே என்று கேட்டீர்கள். தேசியக் குடும்ப நல ஐந்தாவது ஆய்வை (2019-21) எடுத்துப் பாருங்கள். பிறந்து ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுப்பது தமிழ்நாட்டில் சுமார் 55 சதவீதம், இந்தியா முழுவதற்கும் சுமார் 64. ஆஸ்பத்திரிப் பிரசவத்தில் முன்னால் நிற்கும் மாநிலம் இதில் பின்னால் நிற்கிறது. சிசேரியன் 45 சதவீதம்.

வீட்டில் நடப்பது இதுதான். "பால் ஊறவில்லை" என்று யாராவது சேனை வைத்து, சர்க்கரைத் தண்ணீரும் தொட்டு வைப்பார்கள். வயிறு கிழித்தவள் தண்ணீர் குடித்தால் சீழ் பிடிக்கும் என்று தாய்க்குத் தண்ணீரை அளந்து கொடுப்பார்கள். அவள் தையலைப் பிடித்துக்கொண்டு குனிந்து பால் கொடுப்பாள். காம்பு வெடித்துவிடும். விவரம் தெரிந்த நர்ஸ் வந்தால் முதலில் அவளைச் சுவரில் சாய்ந்து உட்கார வைப்பார். மடியில் தலையணை போட்டு, பிள்ளையின் வயிறு தாயின் வயிற்றைத் தொடுகிற மாதிரி திருப்பி, அது வாயைப் பெரிதாகத் திறக்கும்வரை பொறுத்திருந்து சேர்ப்பார். ஓ.பி. கூட்டத்தில் இதை யார் காட்டப் போகிறார்கள்?

அம்மாவீடு:
அதற்குத்தான் தாய்வீடு இருக்கிறது. எல்லாவற்றுக்கும் கவர்மெண்டா?

மேலூர்க்காரி:
சேனை வைக்கிறதும் தாய்வீடுதான் அம்மா. இன்னொன்று, இப்போதைய பாட்டிக்கு ஐம்பது வயதுகூட இருக்காது. திருப்பூரில் கம்பெனிக்கு ஷிப்ட் போய்க்கொண்டிருப்பாள்.

சப்சென்டர்_மகன்:
அக்கா, நோக்கம் நல்லதுதான். ஆனால் நடைமுறை தெரியாமல் பேசுகிறீர்கள். என் அம்மா வி.எச்.என். ஆக இருந்து ரிடையர் ஆனவர். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு. புதன்கிழமை தடுப்பூசி, பிக்மி பதிவு (கர்ப்பிணிகளை அரசுக் கணினியில் பதிவது), இரும்புச்சத்து மாத்திரை, ரெஜிஸ்டர் எல்லாம் அந்த ஒரே ஆள் தலையில்.

நீங்கள் சொல்லும் "ஒரே நர்ஸ்" முதல் பிரசவத்தில்தான் நடக்கவே நடக்காது. பதிவு கணவன் ஊரில். வளைகாப்பு முடிந்ததும் பெண் தாய்வீட்டுக்குப் போய்விடுவாள். திரும்பி வரும்போது பிள்ளைக்கு மூன்று மாதமோ ஐந்து மாதமோ ஆகியிருக்கும். கணவன் ஊர் நர்ஸ் "கேஸ் வெளியூர்" என்று எழுதுவார். தாய்வீட்டு ஊர் நர்ஸின் ரெஜிஸ்டரில் அவள் பெயரே இருக்காது. இரண்டாவது பிள்ளைக்கு இந்தத் தொல்லை குறைவு, பலர் இருக்கிற ஊரிலேயே பெற்றுக்கொள்கிறார்கள்.

அப்புறம் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாட்களில் வீட்டில் போய்ப் பார்க்க வேண்டும் என்று மத்திய அரசுத் திட்டம் ஏற்கெனவே சொல்கிறது. சிசேரியன் ஆனவள் மூன்றாம் நாள் வார்டில் படுத்திருப்பாள். அந்த வருகை எங்கே நடக்கும்? ஏட்டில்தான்.

ஓஎம்ஆர்_பதினொன்றாம்மாடி:
ஏட்டுக்காக வந்தவரை நான் பார்த்திருக்கிறேன். ஆதார் ஜெராக்ஸ் கேட்டார், பிள்ளையோடு என்னை ஒரு போட்டோ எடுத்தார். மாமியார் எதிரில் "அடுத்தது எப்போ, காப்பர்-டி போட்டாச்சா?" என்றார். பிள்ளையைத் தொடவே இல்லை, செருப்பு மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். இதையா 64 தடவை?

முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் பணம் பிக்மி எண்ணைப் பிடித்துத்தான் வருகிறது. பணம் வேண்டியவள் கதவைத் திறந்தே ஆக வேண்டும். வீட்டுக்குள் வருகிறவர் வீட்டையும் அளப்பார், ஜாதியையும் அளப்பார். வேண்டாம் என்று சொல்லும் உரிமை இல்லாத உதவிக்கு வேறு பெயர் இருக்கிறது.

மேலூர்க்காரி:
வேண்டாம் என்பவருக்குக் கட்டாயம் கூடாது, ஒப்புக்கொள்கிறேன். அமெரிக்காவிலும் விருப்பப்பட்டவர்கள்தான் சேர்கிறார்கள். ஆனால் மாமியார் எதிரில் காப்பர்-டி கேட்பதற்குப் பதில், கதவைச் சாத்திவிட்டு "தூக்கம் வருகிறதா, அழுகையாக வருகிறதா?" என்று ஒருத்தி கேட்டிருந்தால்? பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வை வீட்டில் யாரும் கேட்பதில்லை. பேய் அடித்தது, கண் பட்டது என்று போய்விடும்.

தராசுமுள்:
அப்படிக் கேட்கத் தெரிந்தவர் வேண்டும். செலவைக் குறைக்கத் தன்னார்வலரைப் போடுவார்கள் பாருங்கள். அமெரிக்காவின் டென்வரில் இதே திட்டத்துக்கு நர்ஸையும், பயிற்சி மட்டும் பெற்ற உள்ளூர்ப் பெண்களையும் தனித்தனியாக அனுப்பிப் பார்த்தார்கள். நர்ஸ் அல்லாதவர்களால் கிடைத்த பலன் சுமார் பாதிதான்.

சப்சென்டர்_மகன்:
மகாராஷ்டிராவின் கட்சிரோலியை மறந்துவிட்டீர்களே சார். அபய் பங், ராணி பங் தம்பதி பயிற்சி கொடுத்த கிராமத்துப் பெண்கள்தான் அங்கே பச்சிளங்குழந்தை மரணத்தை 62 சதவீதம் குறைத்தார்கள். 1999-ல் வந்த ஆய்வு.

தராசுமுள்:
அங்கே வீட்டிலேயே பிறந்து, நிமோனியாவிலும் கிருமித் தொற்றிலும் குழந்தைகள் சாகிற நிலைமை. அதைத் தடுக்கும் வேலை வேறு, இங்கே தாய்ப்பாலும் மனசும் சம்பந்தப்பட்ட வேலை வேறு. இரண்டு வருடத் திட்டத்துக்கு நான் இப்போதும் எதிர்தான். வீட்டுக்கு வந்த முதல் இரண்டு வாரத்தில் இரண்டு வருகை, அதுவும் நர்ஸ் மட்டும் என்றால் பேசலாம்.

சப்சென்டர்_மகன்:
அப்படியானால் நாட்களை டிஸ்சார்ஜ் தேதியிலிருந்து எண்ணுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் கணவன் ஊர் விலாசத்தை எழுதாமல், அவள் போய் இறங்கும் ஊர் எதுவென்று கேட்டு எழுதுங்கள். அந்த ஊர் வி.எச்.என். நம்பரும் அதிலேயே இருக்கட்டும். இதற்குப் புதுத் திட்டமே தேவையில்லை. காலிப் பணியிடத்தை நிரப்பினால் போதும்.

மேலூர்க்காரி:
இரண்டு வருகை போதாது. மூன்றாவது மாதம் அவள் கணவன் வீட்டுக்குத் திரும்பும்போது இன்னொன்று வேண்டும். பால் பவுடர் டப்பா உள்ளே வருவதே அப்போதுதான்.

ஓஎம்ஆர்_பதினொன்றாம்மாடி:
எத்தனை தடவை வந்தாலும் சரி, முதலில் போன் பண்ணிக் கேட்டுவிட்டு வரட்டும். போட்டோ மட்டும் கூடாது.