எம்2 கனடா என்ஜின்: எழுபது வருசமா எப்படி ஓடுது?

கோண்டாவிலான்:
அண்ணைமார், கனடாவில இருந்து 1954ல இலங்கை ரயில்வேக்கு வந்த எம்2 டீசல் என்ஜின் வகையில சிலது இன்னும் கோச்சி இழுக்குது. பிறகு வந்த எத்தினையோ என்ஜினுகள் பழைய இரும்பாப் போச்சு. என்ன காரணம்?

பழைய பிட்டர்:
தம்பி, நான் கொழும்பு தெமட்டகொட என்ஜின் ஷெட்டில பிட்டரா இருந்தனான். எல்லாம் அதுக்குள்ள இருக்கிற 567சி டீசல் மோட்டரின்ர குணம். 12 சிலிண்டர், 1425 குதிரைவலு, டூ ஸ்ட்ரோக். டர்போ இல்லை. பல்லுச்சக்கரத்தில ஓடுற ரூட்ஸ் புளோவர்தான் சிலிண்டருக்குள்ள காத்தைத் தள்ளும். டர்போ, புகைச்சூட்டுக்குள்ள பேய் வேகத்தில சுத்துற சாமான். புளோவருக்கு அந்தச் சூடும் இல்லை, வேகமும் இல்லை, அதால லேசில பழுதாகாது.

ஒரு சிலிண்டர் பழுதெண்டால் ஹெட், லைனர், பிஸ்டன், கொனெக்டிங் ரொட் எல்லாத்தையும் ஒரே கட்டா மேலால தூக்கி எடுத்திட்டு வேற ஒண்டை இறக்கலாம். அடியில சுத்துற பெரிய தண்டு, கிராங்க் சாவ்ட், அதைக் கழட்டவே தேவையில்லை. அதே கொம்பனி 1965ல விட்ட 645 மோட்டரின்ர கட்டும் இந்த புளொக்குக்குள்ள இறங்கும். 645 உலகம் முழுக்க ஓடுது, பிறகென்னெண்டு சாமானுக்குத் தட்டுப்பாடு வரும்?

அச்சையும் பாருங்கோ. முதல் வந்ததுகளுக்கு ஆறு அச்சு, ஆனா நாலுக்குத்தான் சில்லைச் சுத்துற மின் மோட்டர். ஒவ்வொரு மூண்டு அச்சிலயும் நடுவில இருக்கிறது பாரம் தாங்க மட்டும். மெல்லிய தண்டவாளத்துக்கு அது பெரிய உதவி.

கனடா கொழும்புத் திட்ட உதவியில குடுத்தபடியால்தான் என்ஜினுகளுக்கு 569 ஒன்ராறியோ, 570 அல்பேர்ட்டா எண்டு மாகாணப் பேருகள். நீராவியை விட்டு டீசலுக்கு மாறவேணும் எண்டு விடாப்பிடியா நிண்டவர் ரயில்வே பொறியியலாளர் ரம்பாலா. 1955ல ரயில்வேக்கே பொது முகாமையாளரா வந்தார். அந்த மனிசனை எங்கட ஆக்கள் இன்னும் கூடப் பேசவேணும்.

காலிப் பக்கம்:
591 மனிரோபாவை விட்டிட்டீங்களே ஐயா. 2004 டிசம்பர் 26, தெற்குக் கரையில பெரலியவில சுனாமி அடிச்ச கோச்சியை இழுத்தது அதுதான். 1,700 பேருக்கு மேல போயிட்டினம். என்ஜினையும் தண்ணி தூக்கி எறிஞ்சது. திருத்தி எடுத்து ஓட விட்டவை. நினைவு நாளில அதே 591 பெரலியவுக்குப் போயிருக்கு.

கோண்டாவிலான்:
நன்றி ஐயா. கொழும்பு-யாழ்ப்பாணக் கோச்சி யாழ்தேவியையும் இதுகள் இழுத்ததோ?

பழைய பிட்டர்:
ஓம். 1956ல யாழ்தேவி துவங்கின காலத்தில இதுகள்தான். மொத்தம் 14 வந்தது, கடைசி இரண்டுக்கும் எங்கட ஊர்ப்பேர்: 628 காங்கேசன்துறை, 629 காலி. 1990ல வடக்குப் பாதை நிண்டுபோச்சு. 2015 ஜனவரியிலதான் காங்கேசன்துறைக்குத் திரும்பக் கோச்சி வந்தது. அவ்வளவு காலமும் 628 அந்தப் பேரோட தெற்கில நிண்டது எனக்குப் பெரிய மனவருத்தம். ஆரிட்டயாவது 628 வடக்கில நிண்ட பழைய படம் இருந்தா இதில போடுங்கோ.