புதுப்பிப்பு: பினாங்கு சுவெட்டன்ஹாம் துறையின் வெள்ளைக் கப்பல்

சனிக்கிழமை பட்டர்வொர்த் ஃபெரியிலிருந்து பார்த்த வெள்ளைக் கப்பலை உல்லாசக் கப்பல் என்று எழுதியிருந்தேன். தவறு. அது கடலடியை அளக்கும் கடற்படை அளவைக் கப்பல்.

நேற்று தொலைநோக்கியோடு போனேன். பின்தளத்தில் கருவிகளைக் கடலில் இறக்கும் பெரிய சட்டம், கிரீஸ் வழியும் கம்பிவடம். உல்லாசக் கப்பலுக்கு இதெல்லாம் எதற்கு?

“கடற்படைக் கப்பல் என்றால் சாம்பல் நிறம்தானே?” என்று கேட்ட தம்பிக்கு: போர்க்கப்பல்கள் பெரும்பாலும் அப்படித்தான். அளவைக் கப்பல்கள் பல வெள்ளை. 2024 பிப்ரவரியில் விசாகப்பட்டினத்தில் இந்தியக் கடற்படையில் சேர்ந்த ‘சந்தாயக்’ ஓர் உதாரணம்.

அளக்கும் வேலை நடக்கும்போது உருண்டை, சாய்சதுரம், உருண்டை என மூன்று கறுப்பு உருவங்களை மேலிருந்து கீழாக ஏற்றுவார்கள். ‘சட்டென்று விலக முடியாது, நீ ஒதுங்கு’ என்று பொருள். துறையில் கட்டியிருந்ததால் அதைப் பார்க்க வாய்க்கவில்லை. படம் எடுத்தேன், பாதியை இழுவைப் படகு மறைத்துவிட்டது.