பின்னறையில் மட்டும் பிளக் பாயிண்ட் எல்லாம் போய்விட்டதா? எங்கள் வீட்டு அனுபவம்

அம்மாபேட்டையிலிருந்து:

அம்மா வீட்டில் போன மாதம் நடந்ததை எழுதுகிறேன். தறி ஓடிய காலத்தில் அப்பா கட்டிய வீடு. ஒருநாள் காலையில் பின்னறையின் மூன்று பிளக் பாயிண்டும் ஒரே நேரத்தில் நின்றுவிட்டன. லைட் எரிகிறது, சீலிங் ஃபேன் சுற்றுகிறது, ஹாலிலும் சமையலறையிலும் எந்தக் குறையும் இல்லை. மெயின் போர்டில் ஒரு எம்.சி.பி. (அளவுக்கு மேல் கரண்ட் போனால் தானே விழுகிற சுவிட்ச்) கூட விழவில்லை. அம்மா போன் செய்து, "டேபிள் ஃபேன் கெட்டுப்போச்சு கண்ணு, வேற வாங்கிட்டு வா" என்றார். செல்போன் சார்ஜரும் ஏறவில்லை என்ற பிறகுதான் ஃபேன்மேல் தப்பில்லை என்று தெரிந்தது.

முதலில் வந்த எலக்ட்ரீஷியன் ஃபேன் சொருகியிருந்த போர்டில் டெஸ்டர் வைத்தார். இரண்டு ஓட்டையிலும் எரிந்தது. "கரண்ட் நல்லாத்தான் வருது, சாக்கெட்தான் போயிருக்கு" என்று சொல்லி இரண்டு சாக்கெட்டை மாற்றினார். அப்போதும் ஃபேன் ஓடவில்லை. அறை முழுவதும் வயரை உருவிப் புதிதாக இழுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாமா, அம்மாவின் அண்ணன், மில்லில் பராமரிப்பு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சாயங்காலம் வந்து கேட்ட முதல் கேள்வியே, "டெஸ்டர் வச்சப்ப ஃபேன் சொருகியிருந்துச்சா?" என்பதுதான். பிடுங்கச் சொன்னார். மறுபடி டெஸ்டர் வைத்தால் வலது பக்க ஓட்டையில் மட்டும் எரிகிறது. இடது பக்கம் ஒன்றுமில்லை.

அவர் விளக்கிய பிறகுதான் எனக்குப் புரிந்தது. கரண்ட் பேஸில் வந்து, நியூட்ரல் வழியாகத் திரும்பிப் போக வேண்டும். வழியில் எங்கோ நியூட்ரல் அறுந்துவிட்டால் எதுவும் ஓடாது. ஆனால் சொருகி வைத்திருக்கிற ஃபேனின் காயில் வழியாக அதே பேஸ் நியூட்ரல் பக்கமும் வந்து நிற்கும். அதனால்தான் இரண்டு பக்கமும் டெஸ்டர் எரிந்தது. ஒன்றுமே ஓடாத அந்த அறையில் நியூட்ரல் கம்பியைத் தொட்டிருந்தாலும் ஷாக் அடித்திருக்கும். வேலை செய்யாத பாயிண்ட்தானே என்று அம்மா ஈரத் துணியால் அந்த போர்டைத் துடைத்திருக்கிறார். அதைக் கேட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது.

பிறகு மாமா டெஸ்ட் லேம்ப் எடுத்தார், ஹோல்டரில் இரண்டு வயர் மாட்டிய பல்பு. பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே வைத்தால் பல்பு எரியவில்லை. பேஸுக்கும் எர்த்துக்கும் வைத்ததும் முழு வெளிச்சம். நியூட்ரல்தான் போயிருக்கிறது என்பது உறுதியானது. எந்த இடத்தில்? பழைய வீடுகளில் ஒரு போர்டிலிருந்து அடுத்த போர்டுக்கு லூப் எடுத்திருப்பார்கள். மூன்றும் சேர்ந்து போனால் கோளாறு முதல் போர்டில், அல்லது அதற்கு முன்னால். எங்கள் அறையில் முதல் போர்டு பீரோவுக்குப் பின்னால் இருக்கிறது. அதை யாரும் பார்க்கவே இல்லை.

பீரோவை நகர்த்தி, மெயினை இறக்கி, போர்டைக் கழற்றினோம். கருகல் வாடை அடித்தது. கறுப்பு வயரின், அதாவது நியூட்ரலின், தோல் உருகி சாக்கெட்டோடு ஒட்டியிருந்தது. திருகில் வயர் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

காரணம் எங்களுடையதுதான். சமையலறையில் டைல்ஸ் வேலை நடந்த இரண்டு வாரமும் அம்மா 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பைக் கன்வெர்ட்டர் பிளக் (பெரிய பின்னைச் சின்ன பாயிண்டில் சொருக உதவுவது) போட்டு அந்த அறையில் வைத்துச் சமைத்தார். 230 வோல்ட்டில் அது கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர் இழுக்கும். பாயிண்டோ 6 ஆம்பியர். அடுப்பு இருந்தது கடைசி போர்டில், கருகியது முதல் போர்டில். ஏனென்றால் பின்னால் போகிற லோடு முழுவதும் முதல் போர்டின் திருகு வழியாகத்தான் போக வேண்டும். அந்தத் திருகு ஏற்கெனவே லூஸ். எம்.சி.பி. ஏன் விழவில்லை என்று மாமாவிடம் கேட்டேன். "அது 16 ஆம்பியர் எம்.சி.பி. அதுக்கு மேல போனாத்தான் விழும். லூஸ் கனெக்‌ஷன்ல வர்ற சூடு அதுக்குத் தெரியாது" என்றார்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஆகியிருந்தால் எழுதுங்கள்.

சூரமங்கலத்திலிருந்து:

எங்களுக்கு லைட், ஃபேன், பிளக் எல்லாமே மாடி அறையில் மட்டும் போனது. மும்முனை இணைப்பு, அந்த அறை ஓடுகிற பேஸ் மட்டும் வரவில்லை. கம்பத்தில் ஃபியூஸ் போயிருந்தது. புகார் சொன்னதும் வந்து போட்டுவிட்டார்கள். லைட்டும் சேர்ந்து போனால் போர்டைக் கழற்றும் முன் எதிர்வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஏற்காடு, நாகலூர் பக்கமிருந்து:

எங்கள் கதை வேறு. மலையில் ஐப்பசி மழை பிடித்தால் வெளிச்சுவர் வாரக்கணக்கில் காயாது. மூலை அறைக்குத் தனி ஆர்.சி.சி.பி. (கரண்ட் எங்காவது கசிந்தால் தானே விழுகிற சுவிட்ச்) வைத்திருக்கிறோம், 30 மில்லியாம்பியர். மழை பெய்த இரவெல்லாம் விழும், மத்தியானம் வெயில் வந்தால் நிற்கும். ஹீட்டர், கெட்டில் எல்லாம் பிடுங்கிப் போட்டோம். அப்போதும் விழுந்தது. சாமான்களில் கோளாறு இல்லை, வயரிங்கில்தான் என்று அதிலேயே தெரிந்துவிட்டது.

தெரிந்தவர் ஒருவர், ஆர்.சி.சி.பி.யைத் தாண்டி நேராக லைன் கொடுத்துவிடலாம் என்றார். நான் சம்மதிக்கவில்லை. எங்கள் ஊர் பாறை நிலம், உப்பும் கரியும் போட்டு எர்த் குழி எடுத்தாலும் எர்த் லேசில் கிடைக்காது. அங்கே உயிரைக் காப்பது அந்தச் சின்னப் பெட்டிதான். வெளிச்சுவரோடு இருந்த போர்டைத் திறந்தால் உள்ளே தண்ணீர் முத்து முத்தாக நிற்கிறது, செம்புக் கம்பியில் பச்சைக் களிம்பு, பைப் வாயில் குளவி மண்கூடு. பைப்பின் வெளி முனை அடைக்காமல் விட்டிருந்ததால் சாரல் அதன் வழியாகவே இறங்கியிருக்கிறது. வயரை மாற்றி, போர்டை உள்சுவருக்குக் கொண்டுபோனோம். போன மழைக்கு ஒருமுறைகூட விழவில்லை.

கொண்டலாம்பட்டியிலிருந்து:

நான் வயரிங் வேலை பார்க்கிறேன். அம்மாபேட்டை அண்ணா எழுதியது சரி. டெஸ்டர் எரிந்தால் பேஸ் இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். டெஸ்ட் லேம்ப் பார்க்காமல் சாக்கெட் மாற்றினால் காசு வீண். ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: ஆர்.சி.சி.பி. இருக்கிற வீட்டில் பேஸுக்கும் எர்த்துக்கும் லேம்ப் வைத்தால் உடனே விழும். பயப்பட வேண்டாம், அது தன் வேலையைச் செய்கிறது. மெயினை இறக்கிய பிறகும் டெஸ்டர் வைத்துப் பாருங்கள். அந்த டெஸ்டர் நல்லதா என்று முன்பே கரண்ட் இருக்கிற பாயிண்டில் பார்த்துக்கொள்ளுங்கள். கருகின வயரை வெறுமனே முறுக்கி மறுபடி திருகில் வைக்காதீர்கள். நிறம் மாறின செம்பு நிற்காது, மறுபடி சூடேறும். அண்ணா, நீங்கள் என்ன செய்தீர்கள்?

அம்மாபேட்டையிலிருந்து:

நல்ல செம்பு தெரியும்வரை வெட்டி எடுத்தோம் தம்பி. நீளம் போதாததால் ஹால் போர்டிலிருந்து அந்த ஒரு துண்டுக்கு மட்டும் புது வயர் இழுத்தார் மாமா. மூன்று சாக்கெட்டையும் மாற்றி, எல்லாத் திருகையும் இறுக்கினோம். இண்டக்‌ஷனுக்குச் சமையலறையில் 2.5 சதுர மில்லிமீட்டர் வயரில் தனி லைன், 16 ஆம்பியர் பாயிண்ட். கன்வெர்ட்டர் பிளக்கை மாமா கையோடு எடுத்துப் போய்விட்டார். பீரோ இப்போது எதிர்ச் சுவரில் இருக்கிறது.